ஒற்றைப் பலகை மேசை: காலில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு கொட்டகை போட்டு மேசை செய்கிறேன். மரத்தை நெடுக அறுத்த ஒரே பலகை, அதன் ஓரத்தில் மரம் வளர்ந்த வளைவு அப்படியே இருக்கும், அடியில் கால். பார்க்க எளிய பொருள்தான். ஆனால் பழுது என்று என்னிடம் வரும் மேசைகளில், குற்றம் பலகையிலேயே இருந்தது அபூர்வம். பலகை வெடித்துவிட்டது என்று கொண்டு வருவார்கள். கவிழ்த்துப் பார்த்தால், காலை மாட்டிய விதம்தான் அதை வெடிக்க வைத்திருக்கும். ஆகவே எந்தக் கோளாறு என்றாலும் முதல் வேலை, பாயையோ பழைய போர்வையையோ விரித்து மேசையைக் கவிழ்த்துப் போடுவதுதான். மரவேலைக்காரர் கணக்குப்படி ஓர் அங்குலத்துக்கு 8 நூல் என்று வைத்து அளவுகளைச் சொல்கிறேன்.

ஒரு கால் தரையில் படவில்லை, கை வைத்தால் டக் டக் என்கிறது

மேசை கோணலா, தரை கோணலா? இதைக் கண்டுபிடிக்காமல் ரம்பத்தை எடுக்கக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாக எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்கள் எப்போதும் தரையில் ஊன்றியிருக்கும், மற்ற இரண்டும் மாறி மாறித் தூக்கும். ஊன்றிய இரண்டிலும் சாக்பீஸால் குறி போடுங்கள். பிறகு மேசையைக் கால்வட்டம் திருப்புங்கள். குறி போட்ட கால்களே இப்போதும் ஊன்றி நின்றால் கோளாறு மேசையில். மற்ற இரண்டு ஊன்றினால் தரையில். அரைவட்டம் திருப்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எதிர்மூலைகள் அப்படியே இடம் மாறிக்கொள்ளும். நிறைய பேர் ஏமாறுவது இதில்தான்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்காகத் தரையை வாட்டமாகவே போட்டிருப்பார்கள். அங்கே காலை அறுத்தால் அந்த மேசை அந்த ஒரு இடத்துக்கு மட்டுமே ஆகும். காலடியில் 10 எம்.எம். மரை வைத்த ஸ்க்ரூ புஷ் மாட்டிவிடுங்கள், திருகி உயரம் சரிசெய்துகொள்ளலாம்.

கோளாறு மேசையில் என்றால், பலகையையும் காலையும் சேர்க்கும் போல்ட் எல்லாவற்றையும் அரைச்சுற்று தளர்த்துங்கள். டக் டக் நின்றுபோனால் கால் குட்டையில்லை. முறுக்கு விழுந்த பலகை, போல்ட்டை இறுக்க இறுக்கக் கால் சட்டத்தையும் தன்னோடு சேர்த்து முறுக்கியிருக்கிறது. முறுக்கைப் பார்க்க, கவிழ்த்த பலகையின் இரு முனையிலும் ஒவ்வொரு நேரான அலுமினியச் சட்டத்தைக் குறுக்கே வையுங்கள். ஒரு முனையில் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இரண்டு சட்டமும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால், காலின் தலையிலுள்ள இரும்பு பிளேட் உட்காரும் இடத்தை மட்டும் இழைப்புளியால் இழைத்துச் சமப்படுத்துங்கள். முழுப் பலகையையும் இழைத்து மெலிதாக்க வேண்டாம்.

தளர்த்திய பிறகும் ஆடினால்தான் கால் குட்டை. சமமான தரையில் ஆப்பு வைத்து மேசையை மட்டமாக நிறுத்துங்கள். ஒரு சிறு மரத்துண்டின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து நான்கு கால்களையும் சுற்றிக் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் நான்கையும் அறுங்கள். கண்ணளவில் ஒன்றை மட்டும் அறுக்க ஆரம்பித்தால் சாப்பாட்டு மேசை டீப்பாய் ஆகும்வரை அறுக்க வேண்டியிருக்கும்.

நான்கு காலும் ஊன்றித்தான் இருக்கிறது, ஆனால் தள்ளினால் மேசை சாய்ந்து நிமிர்கிறது

இது வேறு நோய். இரும்பு ஸ்கொயர் பைப்பில் பட்டை வடிவில் இரண்டு சட்டம் செய்து, தலைக்கு ஒரு பிளேட் வெல்டிங் வைத்து மாட்டும் மேசைகளில் இது அதிகம். சட்டம் அகலவாக்கில் கல்லாட்டம் நிற்கும். நீளவாக்கில் அதைப் பிடித்திருப்பது தலையில் உள்ள அந்தச் சின்ன பிளேட் மட்டும்தான்.

கணக்கைப் பாருங்கள். காலின் உயரம் 28 அங்குலம். ஒரு சட்டத்தின் மேல் 5 கிலோ அளவுக்குத் தள்ளினால், மாட்டிய இடத்தில் விழும் திருப்பம் 28 × 5 = 140. பிளேட்டில் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடைவெளி 2 அங்குலம்தான் என்றால், மரத்திலிருந்து போல்ட்டைப் பிடுங்கப் பார்க்கும் விசை 70 கிலோ. இடைவெளி 5 அங்குலமானால் அது 28 கிலோவாகக் குறைந்துவிடும். பைப்பின் கனத்தைக் கூட்டுவதால் கிடைக்காத உறுதி, பிளேட்டை அகலமாக்கினால் கிடைக்கும். ஏற்கனவே செய்துவிட்ட மேசைக்கு, இரண்டு சட்டத்தையும் இணைத்துக் கீழே ஒரு நெடுக்குச் சட்டம் போடுங்கள். கால் இடிக்கும் என்று நினைத்தால் அதை நடுவில் ஓடவிடுங்கள்.

மரக்கால் என்றால் மூட்டைப் பாருங்கள். கழுந்து, அதாவது துளைக்குள் நுழையும் மர நாக்கு, லூசாக இருந்தால், பசையை ஊற்றி நிரப்புவது சில மாதம்கூடத் தாங்காது. கழுந்தின் முனையில் ரம்பத்தால் ஒரு கீறு போட்டு, கெட்டி மரத்தில் ஆப்பு செய்து அடித்து இறக்குங்கள். கழுந்து உள்ளுக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும்.

நேராக மரத்தில் ஏற்றிய ஸ்க்ரூ மரை கழன்று சுற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் பெரிய ஸ்க்ரூ போடாதீர்கள். துளையைப் பெரிதாக்கி, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) இன்சர்ட், அதாவது உள்ளே மரை உள்ள சிறு குழல் ஏற்றி, அதில் போல்ட் போடுங்கள். பிறகு எத்தனை முறை கழற்றினாலும் மரத்துக்குச் சேதமில்லை.

பலகை நடுவில் வெடித்துவிட்டது

என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தூங்குமூஞ்சி மரம், 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அங்குலக் கனம். மார்கழியில் காலை மாட்டினேன். பிளேட்டில் துளை போட்டு, போல்ட் இறுக்கமாகப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். வைகாசியில், மேற்கேயிருந்து வறண்டு வரும் கச்சான் காற்று அடிக்க ஆரம்பித்த ஒரு ராத்திரி, பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு முனையிலிருந்து முழ நீளத்துக்குப் பிளவு, விரல் நகம் உள்ளே போகும் அகலம். மேசையைக் கவிழ்த்தேன். இரண்டு ஓர போல்ட்டும் பிளேட் துளையின் உட்பக்கத்தை அழுத்தி, அந்த இடத்தில் பெயிண்ட் பிறை மாதிரி உரிந்திருந்தது. பலகை உள்ளே சுருங்கப் பார்த்திருக்கிறது, இரும்பு விடவில்லை, நடுவில் பிய்ந்துவிட்டது.

மரம் நீளவாக்கில் சுருங்குவது கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். நம் கடற்கரையில் ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் குடித்து ஊதும், வறண்ட காற்றில் ஒடுங்கும். இரண்டரை அடி அகலப் பலகை ஒரு வருஷத்துக்குள் ஒன்றிலிருந்து இரண்டு நூல் வரை போய் வரும். இங்கே காய வைத்த பலகை மதுரைக்கோ ஏ.சி. அறைக்கோ போனால் இன்னும் காயும், இன்னும் ஒடுங்கும். இதைத் தடுக்க முடியாது. கால் அதற்கு வழிவிட வேண்டும்.

வழி இதுதான். பிளேட்டின் நடுத் துளை மட்டும் வட்டமாக இருக்கட்டும், அது பலகையை மையத்தில் பிடிக்கும். ஓரத்துத் துளைகளை, மரத்தின் ரேகைக்குக் குறுக்கான திசையில் நீளத் துளையாக்குங்கள். 8 எம்.எம். போல்ட்டுக்கு முக்கால் அங்குல நீளம் போதும். அகல வாஷர் போட்டு, பலகை நகரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பட்டறையில் இதைச் சொல்லும்போது பலகையின் படத்தை வரைந்து ரேகையின் திசையை அம்புக்குறி போட்டுக் கொடுங்கள். திசை மாறினால் நீளத் துளைக்கும் வட்டத் துளைக்கும் வித்தியாசமே இல்லை.

கால்களுக்கு நடுவில் மரச் சட்டம் ஓடும் மேசையில் சட்டத்தைப் பலகையோடு ஆணியடித்துச் சேர்க்கக் கூடாது, பசை போடவே கூடாது. சட்டத்தின் உட்பக்கம் ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுத்து, எல் வடிவ மரக்கொக்கியின் நாக்கை அதில் நுழைத்து, கொக்கியை மட்டும் பலகையில் திருகுங்கள். நாக்கு காடியில் வழுக்கும், பலகை பிழைக்கும்.

வெடித்த பலகையை என்ன செய்வது? முதலில் இறுக்கத்தை எடுத்துவிட்டு மழைக்காலம் வரும்வரை சும்மா விடுங்கள். அடுத்த மழைக்குப் பிளவு ஓரளவு தானாக மூடும். அதற்குள் எபாக்ஸி ஊற்றி நிரப்பினால், மூட இடமில்லாமல் வேறு இடத்தில் பிளக்கும். பிறகு அடிப்பக்கத்தில் பிளவுக்குக் குறுக்கே இடுப்பு ஒடுங்கிய உடுக்கை வடிவ மரத்துண்டைப் பதித்துக் கட்டிவிடலாம்.

இன்னொன்று, காயாத பலகைக்குக் கால் மாட்டுவதே தவறு. காற்றில் காய ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்று பழைய ஆசாரிமார் சொல்லும் கணக்கு சுமாராகச் சரி. ஈரமானி கையில் இல்லாவிட்டால், அதே பலகையில் அறுத்த ஒரு துண்டை வாரம் ஒருமுறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். எடை குறைவது நிற்கும் வரை பொறுங்கள்.

நடுவில் தொய்கிறது

கால்கள் முனைக்கு மிக அருகில் இருக்கும், இல்லை பலகை மெலிதாக இருக்கும். கால்களை முனையிலிருந்து நீளத்தில் சுமார் 22 சதவீதம் உள்ளே தள்ளினால், தன் சுமையில் பலகை தொய்வது மிகக் குறையும். 6 அடி மேசைக்கு அது சுமார் 16 அங்குலம். கனமோ மும்மடிக் கணக்கு, அதாவது கனம் × கனம் × கனம். 2 அங்குலப் பலகையை இழைத்து ஒன்றரை அங்குலமாக்கினால், அதே பாரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் தொய்யும். மெலிந்துவிட்ட பலகைக்கு நெடுக ஒரு இரும்பு ஆங்கிளைக் காடி எடுத்துப் பதித்துவிடுங்கள்.

முனையில் உட்கார்ந்தால் கவிழப் பார்க்கிறது

மேலே சொன்ன 16 அங்குலம் இங்கே எதிராகத் திரும்பும். 2 அங்குலக் கனமுள்ள அந்தத் தூங்குமூஞ்சிப் பலகையின் எடை சுமார் 42 கிலோ. அதன் பாரம், கால் கோட்டிலிருந்து 20 அங்குலம் உள்ளே விழுகிறது: 42 × 20 = 840. ஒரு 70 கிலோ ஆள் முனையில், கால் கோட்டிலிருந்து 14 அங்குலம் வெளியே உட்கார்ந்தால் 980. மேசை தூக்கிவிடும். கல்யாண வீட்டில் பிள்ளைகள் ஏறி உட்காரத்தான் செய்வார்கள், அதை நினைத்தே கால் வைக்க வேண்டும். கால்களை 12 அங்குலத்துக்கு வெளியே கொண்டுவந்தால் கணக்கு நம் பக்கம் வந்துவிடும், தொய்வும் பெரிதாக அதிகரிக்காது. இல்லையென்றால் காலின் தலை 16-இல் இருக்க, பாதத்தைச் சாய்வாக வெளியே தள்ளுங்கள். கவிழ்வதைத் தீர்மானிப்பது பாதம் நிற்கும் கோடுதான், தலையில்லை.

இதிலே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வளைந்த ஓரப் பலகை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருக்கும். அதன் பாரம் நடுவில் இருக்காது. டேப்பை வைத்து நடுவைக் கண்டுபிடிக்காதீர்கள். ஒரு நேரான ஜி.ஐ. பைப்பைத் தரையில் போட்டு, பலகையை இரண்டு பேர் பிடித்து அதன்மேல் குறுக்காக வையுங்கள். முன்னும் பின்னும் மெதுவாக உருட்டினால், ஓர் இடத்தில் பலகை எந்தப் பக்கமும் சாயாமல் தராசு முள் மாதிரி நடுங்கும். அங்கே கோடு போடுங்கள். பலகையைத் திருப்பி அகலவாக்கிலும் இதேபோல ஒரு கோடு எடுங்கள். இரண்டு கோடும் வெட்டும் புள்ளிதான் உண்மையான நடு. 6 அடிப் பலகை ஒன்றில் அது டேப் காட்டிய நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கால்கள் அந்தப் புள்ளிக்கு இரு பக்கமும் சமதூரத்தில் நிற்க வேண்டும்.

முழங்கால் இடிக்கிறது

உட்காரும் ஆளுக்குத் தரையிலிருந்து 24, 25 அங்குலம் காலியாக வேண்டும். மேசையின் மொத்த உயரம் 29 அல்லது 30 என்றால், 2 அங்குலப் பலகைக் கனம் போக அடிச்சட்டத்துக்குச் சுமார் 3 அங்குலம்தான் இடமிருக்கிறது. அதற்குள் முடியுங்கள்.

இரும்புக் கால் துருப்பிடிக்கிறது, மரத்தில் மை கொட்டின மாதிரி கறை

நம் ஊரில் இதுதான் பெரிய எதிரி. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை எத்தனை தலைமுறை சுரண்டிப் பெயிண்ட் அடித்துக் காப்பாற்றியது என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2025-இல் திறந்த புதிய பாலத்துக்கு எஸ்.எஸ். கம்பியும், பாலிசைலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். மேசைக்கால் பாலமில்லை, ஆனால் அதே உப்புக்காற்றுதான் இதன் மேலும் படுகிறது.

துரு எங்கிருந்து கிளம்புகிறது என்று கிட்டே போய்ப் பாருங்கள். பைப்பின் சமமான முகத்தில் இருக்காது. வெல்டிங் மணிகளின் இடுக்கிலும், கூரான விளிம்பிலும், பிளேட்டும் மரமும் ஒட்டும் இடத்திலும்தான் இருக்கும். கூர் விளிம்பில் பெயிண்ட் நிற்காமல் வழிந்து மெலிந்துவிடும், அங்கே உப்பு நுழையும். எல்லா விளிம்பையும் கிரைண்டரால் மழுக்குங்கள். வெல்டிங்கைப் புள்ளி புள்ளியாக விடாமல் முழுக்கச் சுற்றி ஓட்டச் சொல்லுங்கள். பைப்பின் வாயை அடைத்துவிடுங்கள், திறந்திருந்தால் உள்ளேயிருந்து தின்னும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து மேலே எனாமல் அடிப்பது கடலோரத்தில் போதாது. எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் என்று போங்கள். துருப்பிடித்துவிட்டதென்றால் மேலேயே பெயிண்ட் அடிக்காதீர்கள். சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுத்து, நன்றாகக் காய்ந்த அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள்.

எஸ்.எஸ். என்றால் துருவே வராது என்று நினைத்து வாங்கிய 304 ரகக் காலில் டீ சிந்தின மாதிரி பழுப்புக் கறை வந்துவிட்டது என்று வருத்தப்படுவார்கள். கடற்கரைக்கு 316-தான் சரி. அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். விலை கூடுதல். அதனால் திண்ணையிலோ மாடியிலோ காற்றுக்கு நேராக நிற்கும் மேசைக்கு மட்டும் அதைச் சொல்வேன். எதுவானாலும் வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்தால் ஆயுள் கூடும்.

மரத்தில் விழும் கறுப்புக் கறை வேறு கதை. நாட்டுக் கருவேலம் போன்ற துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் சாதா இரும்பு ஈரத்தோடு பட்டால் மரமே மை ஊறும். அந்தக் காலத்து எழுதும் மை பிறந்ததே இப்படித்தான். போல்ட்டையும் வாஷரையும் எஸ்.எஸ். ஆக்கி, பிளேட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் ஷீட் வையுங்கள். விழுந்த கறைக்கு ஆக்சாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துத் தடவி, வெளுத்ததும் நன்றாகக் கழுவ வேண்டும். அது விஷம், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

வளைந்த மரக்கால் வளைவிலேயே முறிந்தது

முறிந்த இடத்தில் ரேகையைப் பாருங்கள், காலுக்குக் குறுக்கே ஓடியிருக்கும். நேரான பலகையில் வளைவை வரைந்து அறுத்தால் வளைவில் ரேகை துண்டு துண்டாகிவிடும். இந்தக் கரையில் நாட்டுப்படகு கட்டுகிறவர்களைப் போய்ப் பாருங்கள். படகின் விலாச்சட்டத்துக்கு அவர்கள் இயற்கையாகவே வளைந்த கருவேலங்கிளையைத் தேடி எடுப்பார்கள். விலாச்சட்டத்தின் மாதிரி அச்சைக் கிளையின் மேலே வைத்துப் பார்த்து, ‘இதுல ரேகை கூடவே வருது’ என்று ஒருவர் எனக்கு விரலால் தடவிக் காட்டினார். அன்றிலிருந்து வளைந்த காலுக்கு நானும் வளைந்த கிளையைத்தான் தேடுகிறேன். நம் மாவட்டமெங்கும் விறகுக்கும் கரிக்கும் போகும் சீமைக்கருவேலத்தில் பருத்த கட்டை கிடைத்தால் விடாதீர்கள். கனமான, கெட்டியான மரம், காய்ந்தபின் அதிகம் அசையாது. மேலே மஞ்சளாகத் தெரியும் வெளிறை முழுக்கச் செதுக்கிவிட்டு வைரத்தை மட்டும் எடுக்க வேண்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எல்லாம் சரி, ஆனால் கண்ணுக்கு ஒவ்வவில்லை

இதையும் கோளாறாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். தடித்த பலகைக்குக் குச்சிக் கால் வைத்தால் பயமாக இருக்கும். அதற்காகத் தூண் மாதிரி கால் வைத்தால் பலகையின் வளைவு மறைந்துபோகும். அட்டைப்பெட்டியை வெட்டிக் காலின் உருவத்தைச் செய்து, பலகையைச் செங்கல் அடுக்கின் மேல் வைத்து, அட்டைக் காலைச் சாய்த்து நிறுத்திப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பலகையின் அகலத்துக்கு ஏற்றபடி அகல முனையில் அகலச் சட்டம், குறுகிய முனையில் குறுகிய சட்டம் என்று செய்தால் மேசை ஒரே உயிராகத் தெரியும். ஓர் இரவு அட்டைக் காலோடு விட்டுவிட்டு, காலையில் வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் நான் இரும்பு வாங்கப் போவேன்.

மரக்காலின் பாதம் கறுத்து ஊறுகிறது, கீழே மாவு கொட்டுகிறது

பாதத்தில் மரத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும். தரை துடைக்கும் தண்ணீரே போதும். பாதத்தை மெல்லிய எபாக்ஸியில் மூன்று முறை ஊறவிட்டு, அடியில் ரப்பர் புஷ் மாட்டித் தரையிலிருந்து ஒரு நூலாவது தூக்கிவிடுங்கள். மண் தரையில் நிற்கும் மேசைக்குக் கடப்பாக் கல் துண்டு வையுங்கள், கரையான் ஏறினாலும் அதன் மண் பாதை கல்லின் மேல் தெரிந்துவிடும்.

மாவு கொட்டினால் அது கரையான் இல்லை, உளு. வெளிறில் உள்ள மாவுச்சத்தைத் தின்னும் வண்டு. அதனால்தான் வெளிறைச் செதுக்கச் சொன்னேன். பூச்சை முழுக்கச் சுரண்டி, வெறும் மரத்தின் மேல் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை இரண்டு மூன்று முறை தடவி, காய்ந்தபின் பூச்சு கொடுங்கள். காலடியில் கறுப்புத் தாள் ஒன்றை விரித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதில் புதிதாக மாவு விழுந்திருந்தால், மாவு கொட்டும் துளை வழியாக ஊசியில் கரைசலை ஏற்றுங்கள். அடுத்த மாதமும் விழுந்தால் அந்தக் காலைக் கழற்றி எடுத்துவிட்டு வைரக்கட்டையில் புதுக்கால் செய்து மாட்டுங்கள்.